அத்தை சொல்ல வேண்டிய பெயர்

பிள்ளைக்குப் பெயர் வைப்பதில் சண்டை வராத வீடு எங்கேயும் இல்லை. ஆனாலும் திருமூர்த்தி வீட்டில் நடந்த சண்டையைப் போல ஒன்றைத் திருப்பூர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கேள்விப்பட்டவர்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்களுக்கு என்ன வந்தது? அந்தச் சண்டையில் சிரிக்காத ஒரே ஆள் திருமூர்த்தியின் அக்கா சாரதாமணி. அவளுக்கு அது உயிர்க் காரியமாக இருந்தது.

முதலில் திருமூர்த்தியைச் சொல்லிவிட வேண்டும். அப்பன் விட்டுப்போன பனியன் கம்பெனிக்குப் புது மெஷின் வேண்டும், அந்த மெஷினை ஓட்டவும் பிரிக்கவும் கற்றுக்கொண்டு வருகிறேன் என்று இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினவன் அவன். அங்கே குடல்வால் அறுவைக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கையில் பார்த்துக்கொண்ட நர்ஸையே கல்யாணம் செய்துகொண்டு அறுபத்திரண்டில் திரும்பி வந்தான். அவள் பெயர் பிரீட். ஊர்க்காரர்கள் இங்கிலீஷ்காரி என்றார்கள். அப்படிச் சொன்னால் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். நான் அயர்லாந்துக்காரி, இங்கிலீஷ்காரனுக்கும் எங்களுக்கும் ஆகாது என்பாள். அம்மா நல்லம்மாள் ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தாள். எட்டாம் நாள் எழுந்து மருமகளுக்குத் தலைசீவிப் பூ வைத்துவிட்டாள், அவள் பெயரையும் தன் வாய்க்கு வருகிற மாதிரி பிரீடா என்று மாற்றிக் கூப்பிட்டாள்.

சாரதாமணி அந்த வீட்டில் வெள்ளைச் சீலையில் இருந்தாள். மங்கலத்தில் கட்டிக்கொடுத்த இரண்டாம் வருஷமே புருஷன் போய்விட்டான். போன அன்று காலையில் அவன் வெளியே கிளம்பும்போது, "சீக்கிரம் வந்துருங்க" என்று அவள் சொல்லியிருந்தாள். அவ்வளவுதான் சொன்னாள். பாம்பு கடித்து அவனைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாமியார்க்காரி மார்பில் அடித்துக்கொண்டு, உன்ற வாய் முகூர்த்தம்டி, சொன்ன மாதிரியே சீக்கிரம் வந்துட்டான் பாரு என்று அழுதாள். துக்கத்தில் வந்த பேச்சுதான். ஆனால் சாரதாமணி அதை நம்பிவிட்டாள். அதற்குப் பிறகு நல்ல காரியத்துக்கு யாராவது கிளம்பினால் அவளை யாரும் உள்ளே போகச் சொல்ல வேண்டியதில்லை, அவளே சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். தம்பி கப்பலேறப் போனபோதுகூட வாய்விட்டுப் போய்ட்டு வா என்று சொல்லவில்லை.

பிரீடாவுக்கு இந்தக் கதவு ரகசியமெல்லாம் என்ன தெரியும்? அவள் நேராகச் சமையலறைக்குள் வந்து மணையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குத் தமிழ் வந்தது அங்கேதான். உப்பு, புளி, ஊடு, வாசல் என்று ஆரம்பித்து, ஒரு வருஷத்தில் காய்கறிக்காரியிடம் ஏனுங்க, நேத்து வாங்கின கத்தரிக்காய் சொத்தைங்க என்று சண்டை போடுகிற அளவுக்குத் தேறிவிட்டாள். சாரதாமணி பத்து வருஷம் கழித்துச் சத்தம் போட்டுச் சிரித்தது அவள் பேச்சைக் கேட்டுத்தான். இரண்டு பேருக்கும் ஒரே வயசு. ஆனாலும் புருஷனுக்கு அக்கா என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். சாரதாமணி அவளைக் கண்ணு என்பாள்.

கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து பிரீடா உண்டானாள். பெண் பிறந்தால் தன் அம்மாவின் பெயர்தான் என்று அப்போதே சொல்லிவிட்டாள். அந்த அம்மா இவள் இங்கே வந்த மறுவருஷம் செத்துப்போனாள். சாவுக்குப் போக முடியவில்லை. அம்மாவின் பெயர் கீவா. சொல்வதற்கு என்னமோ சுலபமாகத்தான் இருந்தது. எழுத்தில்தான் வந்தது வினை.

கம்பெனியில் துணி வெட்டக் கோடு போடுகிற சாக்கட்டியால் சமையலறைத் தரையில் பிரீடா அந்தப் பெயரை எழுதிக் காட்டினாள். அயர்லாந்து பாஷையில் எழுதுகிற முறையில் ஏழு எழுத்து. திருமூர்த்தி குனிந்து பார்த்தான், நிமிர்ந்து பார்த்தான், இதில் 'வா' எங்கே இருக்கிறது என்று கேட்டான். இருக்க வேண்டிய எழுத்து இல்லை, இருப்பதில் பாதியைச் சொல்லவே வேண்டாமாம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்னவென்று கூப்பிடுவார், ரேஷன் ஆபீசில் என்னவென்று எழுதுவார், பிள்ளை காலம் பூராவும் என் பெயர் இப்படியில்லைங்க என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமா என்று அடுக்கினான். சத்தத்துக்குத் தகுந்த மாதிரி இங்கிலீஷில் அஞ்சு எழுத்தில் எழுதிவிடலாம், யாருக்கும் தொந்தரவில்லை என்றான். நியாயமான பேச்சுதான்.

பிரீடா அழுதுவிட்டாள். அம்மாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது இங்கிலீஷ்கார வாத்தியார் அந்த அஞ்சு எழுத்தைத்தான் எழுதினாராம். சர்ச்சில், கல்யாணத்தில், ஆஸ்பத்திரியில் எல்லாம் அதேதான். அம்மா ஏழு எழுத்தையும் எழுதினது தன் ஜெபப் புஸ்தகத்தின் உள் அட்டையில் மட்டும். கடைசியில் சவப்பெட்டியின் மேல் அடித்த தகட்டிலும் மற்றவன் எழுத்துதான் இருந்ததாம். என்ற பிள்ளைக்காவது சொந்த எழுத்து வேணுங்க என்றாள். திருமூர்த்தி சாக்கட்டியை எடுத்து அந்த ஏழு எழுத்தையும் தானே ஒருமுறை எழுதிப் பார்த்தான். அதற்குப் பிறகு எழுத்தைப் பற்றி அவன் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த சண்டைக்குத் திருமூர்த்தி காரணமில்லை. அந்தப் பக்கத்து வழக்கம் அது. தொட்டில் போடுகிற நாளில் பிள்ளையின் அத்தைதான் மடியில் வாங்கி, காதோடு வாயை வைத்து மூன்று தடவை பெயரைச் சொல்ல வேண்டும். அத்தை சொன்ன பிறகுதான் அது பெயர். அதுவரைக்கும் வெறும் பாப்பாதான், யாரும் பெயரை உச்சரிக்கக்கூடாது. அத்தை என்றால் நம் அக்காதானே என்று பிரீடா சாதாரணமாகக் கேட்டாள். நல்லம்மாள் முகத்தை எங்கேயோ திருப்பிக்கொண்டு, பெரியப்பன் மகள் அமராவதியும் அத்தைதான், பின்வீதியில்தானே இருக்கிறாள், மூன்று பிள்ளை பெற்றவள், அவள் வந்து சொல்லுவாள் என்றாள். பிரீடாவுக்குப் புரியவில்லை. புரிந்ததும் அவள் போட்ட சத்தத்தில் கம்பெனி ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அக்கா சொல்லவில்லையென்றால் தொட்டிலே வேண்டாம் என்றுவிட்டாள்.

சாரதாமணி கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வேண்டாம் கண்ணு, எனக்கு அதெல்லாம் ஆசையில்லை என்று அப்புறம் பிரீடாவிடம் சொன்னாள். பச்சைப் பொய். வெள்ளைச் சீலை கட்டின நாளிலிருந்து அவள் எதற்கும் ஆசைப்பட்டதில்லை, இதற்கு ஆசைப்பட்டாள். பாத்திரம் தேய்க்கும்போதும் தண்ணீர் சேந்தும்போதும் அந்தப் பெயரை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சத்தமாக ஒரு தடவை சொல்லுங்க என்று பிரீடா கெஞ்சினால் மட்டும் தலையை ஆட்டிவிடுவாள். அன்றைக்குச் சொல்கிறேன் என்பாள்.

பிள்ளை எட்டாம் மாசத்திலேயே பிறந்துவிட்டது. பெண்தான். ஒரு கைக்குள் அடங்குகிற உடம்பு. மெஷினிலிருந்து இறக்கின பனியன் துணியைக் கொதிநீரில் போட்டு அலசி, பஞ்சு வைத்துப் பொதிந்து சாரதாமணி மடியிலேயே வைத்திருந்தாள். முதல் வாரம் பால் குடித்தது, அழுதது, கண்ணைத் திறந்து விளக்கைப் பார்த்தது. இனிப் பிழைத்துக்கொள்ளும் என்று டாக்டரும் சொன்னார். பாதிரியார் ஊர் ஊராகப் போயிருக்கிறார், இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்து ஞானஸ்நானம் கொடுப்பார் என்று திருமூர்த்தி கேட்டுக்கொண்டு வந்தான். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மறுவாரம் பிரீடாவுக்குப் பிரசவக் காய்ச்சல் கண்டது. உடம்பு அனலாய்க் கொதித்தது, அவள் பாஷையில் என்னென்னவோ பிதற்றினாள். ஒரு சாயங்காலம் கொஞ்சம் தெளிந்தபோது சாரதாமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பாதிரியார் வருவதற்குள் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் நீங்கள் செய்ய வேண்டும் என்றாள். தலையில் தண்ணீர் ஊற்றி, பெயரைச் சொல்லி, பிதா, மகன், ஆவி என்று மூன்று பேரையும் சொல்ல வேண்டும். யார் செய்தாலும் செல்லும், கிறிஸ்து வேதக்காரியாக இருக்க வேண்டியதில்லை, நர்ஸாக இருந்தபோது அவளே எத்தனையோ பிள்ளைகளுக்குச் செய்திருக்கிறாளாம். செய்யாமல் போய்விட்டால் கல்லறைத் தோட்டத்துக்குள் இடம் கிடையாது. அவளுக்கு ஒரு தம்பி பிறந்து அன்றைக்கே போய்விட்டானாம். தண்ணீர் ஊற்ற ஆளில்லை, பெயரும் இல்லை, கடற்கரை ஓரம் ஒரு தரிசில் புதைத்தார்கள். அவள் அம்மா சாகும்வரை அந்தப் பக்கம் போகிற பாதையில் நின்று நின்று பார்ப்பாளாம்.

"அது என்ற பிள்ளைக்கு வேண்டாங்க்கா," என்றாள். "வாக்குக் குடுங்க."

சாரதாமணி கொடுத்தாள். அப்படியொன்றும் ஆகாது என்ற தைரியத்தில் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் திருமூர்த்தி பெரிய டாக்டரைக் கையோடு கூட்டிவரக் கோயமுத்தூருக்குக் காரை எடுத்துக்கொண்டு போனான். நல்லம்மாள் முருகன் கோயிலுக்கு நேர்ந்துகொள்ளப் போனாள். பிரீடா ஊசி போட்ட மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். சாரதாமணி பிள்ளைக்குப் பாலை நனைத்து வாயில் வைத்தாள். பால் கடைவாயில் வழிந்துவிட்டது. உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு வந்தது, நின்றது, நாம் பயந்து முடித்த பிறகு மறுபடி வந்தது.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. டம்ளரில் தண்ணீர் எடுத்தாள். பிள்ளையின் தலைக்கு மேல் கையைக் கொண்டுபோனாள், காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள். பெயர் நாக்கின் நுனியில் இருந்தது. அப்போதுதான் அந்தப் பழைய பேச்சு காதில் விழுந்தது. உன்ற வாய் முகூர்த்தம்டி. இந்த மூச்சு ஒருவேளை தேறுகிற மூச்சாக இருந்தால்? டாக்டர் பாதி வழியில் வந்துகொண்டிருந்தால்? தாலியறுத்த வாயால் பெயரைச் சொல்லி நானே இதை அனுப்பிவைத்ததாக ஆகிவிடாதா? ஐயோ, இவள் நினைத்ததைப் பாருங்கள். செய்கிற நேரத்தில் இதை நினைத்தாள். ஆனால் அவள் நினைத்ததெல்லாம் பிள்ளை பிழைக்க வேண்டும் என்றுதான்.

பெயர் சொல்ல வேண்டும், ஆனால் நல்ல வாய் சொல்ல வேண்டும். டம்ளரைக் கீழே வைத்தாள். பிள்ளையைத் தூங்குகிற தாயின் அணைப்பில் வைத்துவிட்டு, செருப்பில்லாமல் புழக்கடை வழியாகப் பின்வீதிக்கு ஓடினாள். அமராவதி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். சாரதாமணிக்கு மூச்சு வாங்கியது, வந்து பெயரைச் சொல்லு, வந்து சொல்லு என்பதைத் தவிர வேறு பேச்சு வரவில்லை. மாவுக் கையோடு அவளும் ஓடிவந்தாள். போய் வர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், அடுப்பில் வைத்த பால் பொங்கியிருக்காது.

பிள்ளை சூடாகத்தான் இருந்தது. அமராவதி மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். வைத்தபடியே உட்கார்ந்துவிட்டாள்.

"சொல்லு அமராவதி," என்றாள் சாரதாமணி.

"ஆருக்குங்க்கா சொல்றது?"

தண்ணீர் டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது. சாரதாமணி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு கை தண்ணீர், ஒரு பெயர். அவ்வளவுதான் கேட்டாள் அந்தப் பெண்.

மத்தியானத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. கோயமுத்தூர் டாக்டர் பிள்ளையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தாயைக் கவனிக்கப் போனார். பாதிரியாருக்கு யாரோ ஆள் அனுப்பியிருந்தார்கள், சுற்றுப் பயணத்தைப் பாதியில் விட்டு அவரும் வந்து சேர்ந்தார். பிரீடாவுக்கு நினைவு திரும்பியிருந்தது. அவள் கத்தவில்லை. பொதிந்த பிள்ளையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடந்தாள். திருமூர்த்தி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதான். பாதிரியார் நல்ல மனுஷன், தயங்கித் தயங்கித்தான் கேட்டார். பிள்ளைக்கு யாராவது தண்ணீர் ஊற்றிப் பெயரிட்டிருக்கிறார்களா? இட்டிருந்தால் தோட்டத்துக்குள் வைக்கலாம். இல்லாவிட்டால் மதிலுக்கு வெளியேதான், எனக்கு வேறு வழி இல்லை என்றார்.

பிரீடா தலையைத் திருப்பினாள். அந்த அறையில் இருந்த எல்லோரையும் தாண்டி, கதவுக்குப் பின்னால் தெரிந்த வெள்ளைச் சீலையைத் தேடிப் பிடித்தாள்.

"சொன்னீங்களாக்கா?"

அமராவதி கட்டில் தலைமாட்டில் நின்றிருந்தாள். அவளுக்குத் தெரியும். அவள் வாய் திறந்ததைச் சாரதாமணி பார்த்தாள். நல்லம்மாள் வாசற்படியில் இருந்தாள். பெரியம்மாக்கள், பங்காளி வீட்டுப் பெண்கள் எல்லாம் இருந்தார்கள். இல்லை என்று சொன்னால் இந்தப் பிள்ளை மதிலுக்கு வெளியே போகும். ஆமாம் என்று சொன்னால் என்ன ஆகும் என்பதும் சாரதாமணிக்கு நன்றாகத் தெரியும். இந்தச் சனங்களோடுதானே முப்பது வருஷமாக இருக்கிறாள்.

கதவுக்குப் பின்னாலிருந்து அறையின் நடுவுக்கு வந்தாள். அமராவதியை ஒரு பார்வை பார்த்தாள். அமராவதி முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"சொன்னேன் கண்ணு. உசுரு இருக்கையிலயே சொன்னேன். தண்ணி ஊத்தி, காதுல மூணு தரம் நான்தான் சொன்னேன்."

பாதிரியார் சிலுவை போட்டுக்கொண்டார். நல்லம்மாள் வாசற்படியிலிருந்து எழுந்து வந்தாள். மகளின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள், மறுபடி அறைந்தாள், அப்புறம் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

"கொன்னுட்டியேடி பாவி. கட்டினவனை முழுங்குன வாயி பத்தாதா? என்ற பேத்தியையும் முழுங்கோணுமா?"

பெரியம்மாக்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்தப் பேச்சையெல்லாம் இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை. திருமூர்த்தி எழுந்து அம்மாவைத் தடுத்தான். ஆனால் அக்காவின் முகத்தை அவனும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சாரதாமணி அசையாமல் நின்றாள். தான் செய்யாத காரியத்துக்காகத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள், செய்யாமல் விட்டதற்காக அதை வாங்கிக்கொள்ளலாம் என்று பேசாமல் இருந்தாள்.

பிரீடா கையை நீட்டினாள். சாரதாமணி பக்கத்தில் போய் மண்டியிட்டாள்.

"எப்படிச் சொன்னீங்க? எனக்கு ஒரு தரம் சொல்லுங்க."

அப்போதுதான் அந்தப் பெயரைச் சாரதாமணி முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னாள். கீவா. தப்பில்லாமல் வந்தது. எத்தனை மாசம் மனசுக்குள் சொல்லிப் பழகினது. பிரீடா விரலால் அவள் உதட்டைத் தொட்டு, அந்த விரலைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இந்த வாய் நல்லா இருக்கோணுங்க்கா என்றாள். நல்லம்மாளின் அடி வலிக்கவில்லை, இது வலித்தது. சாரதாமணி பிள்ளையின் பொதியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அன்றைக்குத்தான் கதறினாள்.

பிள்ளையை மதிலுக்கு உள்ளே, வேப்பமரத்தடியில் வைத்தார்கள். சிலுவையில் ஏழு எழுத்தையும் திருமூர்த்தியே எழுதினான். பிரீடா பிழைத்துக்கொண்டாள். அப்புறம் அவர்களுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள். இரண்டு தொட்டிலுக்கும் அமராவதிதான் அத்தையாக வந்து பெயர் சொன்னாள். பிரீடா சண்டை போட்டும் சாரதாமணி சம்மதிக்கவில்லை, இரண்டு தடவையும் வீட்டிலேயே இல்லை. வீரபாண்டியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டாள்.

நல்லம்மாள் அந்த வெள்ளிக்கிழமையோடு மகளிடம் பேச்சை நிறுத்தினாள். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு எட்டு வருஷம் பேசாமல் இருந்தாள். கடைசியில் படுக்கையில் விழுந்தாள். நினைவு போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து வாயில் பால் ஊற்றினார்கள். எல்லோருக்கும் வாயைத் திறந்தாள். சாரதாமணி டம்ளரோடு குனிந்தபோது மட்டும் கண்ணைத் திறந்து பார்த்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பால் தலையணையில் வழிந்தது.

அமராவதியால் தாங்க முடியவில்லை. சாரதாமணியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

"நான் போய்ச் சின்னம்மாகிட்டச் சொல்லிப்போடறனுங்க்கா. நீங்க சொல்லவே இல்லைன்னு சொல்லிப்போடறேன். பெத்தவ இப்படிப் பகையோட போலாமுங்களா?"

சாரதாமணி வாசல் பக்கம் பார்த்தாள். கூடத்தில் பிரீடா மாமியாரின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"சொன்னா கொழந்தையத் தோண்டி மதிலுக்கு வெளிய போட்டுருவாங்க அமராவதி. பேசாம இரு."

பால் டம்ளரை அவள் கையில் கொடுத்தாள்.

"நீ போய் ஊத்து. உன்ற கையில குடிப்பாங்க."